தொடக்கநிலையில் ஏழு வருடம்

என்னிடம் இருந்த பெரிய குறை எனக்கு ஆங்கிலம் தெரிந்திருந்ததுதான். ஆசிரியர் பயிற்சி நிலையத்தில் சேர்ந்த முதல் நாளே அதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள்.

அதற்கு முன் பன்னிரண்டு வருடம் ஒரு ஓட்டலின் வரவேற்பு மேசையில் நின்றிருந்தேன். வெந்நீர் வரவில்லை, பக்கத்து அறையில் குறட்டை, தலையணை உயரம் போதவில்லை என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் என்னிடம் ஆங்கிலத்தில் சண்டை போட்டார்கள். நானும் சிரித்த முகத்தோடு ஆங்கிலத்திலேயே சமாளித்தேன். பிறகு ஓட்டலை இடித்துவிட்டு கார் நிறுத்துமிடம் கட்டப்போகிறோம் என்றார்கள். கார்கள் தலையணையைப் பற்றிப் புகார் சொல்வதில்லை என்பதால் என் வேலை போய்விட்டது.

எங்கள் தெருமுனையில் இருக்கும் பெண்கள் பள்ளியில் ஆங்கில ஆசிரியை இடம் ஒன்று காலியாக இருந்தது. தலைமையாசிரியை என்னோடு பத்து நிமிடம் பேசிப் பார்த்தார்.

"நீங்க பேசற இங்கிலீஷ் எங்க பிள்ளைங்களுக்கு வேணும். ஆனா சான்றிதழ் இல்லாம நான் கையெழுத்துப் போட முடியாது. ஸ்கூல் திறக்கிறதுக்குள்ள வாங்கிட்டு வந்துடுங்கம்மா. அதுவரைக்கும் இடத்தைப் பிடிச்சு வைக்கிறேன்" என்றார்.

பள்ளி திறக்க மூன்று மாதம் இருந்தது. பயிற்சியும் மூன்று மாதம்தான். நாற்பத்து மூன்று வயதில் இன்னொரு வேலையை யாரும் எனக்குத் தட்டில் வைத்து நீட்டப்போவதில்லை. மறுநாளே போய்ச் சேர்ந்துவிட்டேன்.

முதல் நாள் வகுப்பில் பதினான்கு பேர் இருந்தோம். நாற்காலிகளை லாட வடிவத்தில் போட்டிருந்தார்கள். வரிசையாகப் போட்டால் அதிகாரம் வந்துவிடுமாம். லாடத்தின் ஒரு முனை கதவை அடைத்துக்கொண்டதால், தாமதமாக வந்தவர்கள் ஜன்னல் வழியாக வந்தார்கள். எதிரே ஒருவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்னைப் பயிற்சியாளர்னு யாரும் கூப்பிடக்கூடாது. நான் வழிவிடுநர். உங்க கற்றலுக்கு நான் வழிவிடுவேன், அவ்வளவுதான். உங்களுக்கு நான் எதையும் கத்துத் தரமாட்டேன்" என்றார்.

எதையும் கற்றுத் தரமாட்டேன் என்பதைக் காலை ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டரை வரை விளக்கினார். பேசுவதைக் கேட்டு யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை என்பதை மட்டும் மூன்று முறை குறித்துக்கொள்ளச் சொன்னார்.

நான் கையைத் தூக்கினேன். "சார், முதல் நாள் வகுப்புக்குள்ள போனதும் எப்படி ஆரம்பிக்கணும்?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"வணக்கம் சொல்லி, பேரைக் கேட்டு ஆரம்பிக்கலாம்னு நினைக்கிறேன்."

"ஏன் அப்படி நினைக்கிறீங்க?"

"தெரியலை சார். அதான் உங்ககிட்ட கேக்கறேன்."

"அருமை. இந்தத் தெரியாமையை அப்படியே வெச்சுக்கங்க. பக்கத்துல இருக்கறவங்க என்ன நினைக்கிறாங்க?"

கேள்வி பதினான்கு பேரையும் சுற்றி, சாப்பாட்டு மணி அடிக்கும்போது களைத்துப்போய் என்னிடமே திரும்பி வந்தது. நான் அதை டிபன் பாக்ஸோடு சேர்த்து மூடி வைத்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் மகள், "அம்மா, என் நீலச் சட்டை எங்கே?" என்றாள்.

"நீ என்ன நினைக்கிறே?" என்றேன். வாய் தன்னால் சொல்லிவிட்டது.

அவள் அப்பாவைப் பார்த்தாள். வீட்டுக்காரர் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவர். எதையும் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தவர், "முதல் நாள்தானே, போகப்போகச் சரியாயிடும்" என்று அவளுக்குத் தைரியம் சொன்னார்.

போகப்போகத்தான் அதிகமானது. இரண்டாவது வாரம் எங்களுக்கு ஆளுக்கொரு 'கண்ணாடி நோட்டு' கொடுத்தார்கள். பாடம் எடுத்த அன்றே நம்மை நாமே அதில் பார்த்துக்கொண்டு, குறைகளை ஐந்து பக்கத்துக்குக் குறையாமல் எழுதவேண்டும். எங்கள் பதினான்கு பேருக்குள்ளேயே நான் முதல் மாதிரிப் பாடம் எடுத்தபின், 'பாடம் நன்றாக நடந்தது. கேட்டவர்களுக்குப் புரிந்தது' என்று எழுதிக் கொடுத்தேன். நோட்டு பச்சை மையில் நனைந்து திரும்பி வந்தது. சிவப்பு மை மனதைக் காயப்படுத்தும் என்பதால் நிலையத்தில் பச்சை மையில்தான் காயப்படுத்துவார்கள். 'நன்றாக நடந்தது என்று ஏன் தோன்றுகிறது? இந்தத் தன்னிறைவு எங்கிருந்து வருகிறது? சிறுவயதில் ஏதாவது நடந்ததா?' என்று கேட்டிருந்தார் வழிவிடுநர்.

பக்கத்து நாற்காலியில் சார்ட்டுக்காரி என்று நாங்கள் கூப்பிட்ட ஒரு பெண். வண்ண அட்டை, கத்தரிக்கோல், கோந்து இல்லாமல் அவளைப் பார்க்கவே முடியாது. அவள்தான் என் காதைக் கடித்தாள்.

"அக்கா, குறை இல்லேன்னா பாஸ் போடமாட்டாங்க. நான் கையெழுத்து சரியில்லைன்னு அரைப் பக்கம், வலது பக்கமே பார்த்துப் பேசினேன்னு ஒரு பக்கம், அதுக்காக வருத்தப்பட்டேன்னு ரெண்டு பக்கம் எழுதினேன். 'வளர்ச்சி தெரிகிறது'ன்னு போட்டிருக்காரு."

நானும் பிடித்துக்கொண்டேன். வாராவாரம் ஒரு குறையைத் தேடி வைத்துக்கொள்வேன். கிடைக்காத வாரம் வீட்டுக்காரரைக் கேட்பேன். அவர் கைவசம் எப்போதும் நாலைந்து வைத்திருந்தார்.

அடுத்து வந்தது நிமிட விதி. நாற்பத்தைந்து நிமிடப் பாடத்தில் ஆசிரியர் ஒன்பது நிமிடம்தான் பேசலாம். மீதி நேரமெல்லாம் மாணவர்கள் பேசவேண்டும். பின்னால் ஒருவர் ஓட்டப்பந்தயக் கடிகாரத்தோடு உட்கார்ந்து, நாம் வாயைத் திறந்தால் அழுத்துவார், மூடினால் நிறுத்துவார். தும்மினால் கணக்கில் சேருமா என்ற கேள்வி எழுந்து, அதற்கு மூவர் குழு போட்டார்கள். தும்மலுக்குப் பின் 'மன்னிக்கவும்' சொன்னால்தான் பேச்சு, வெறும் தும்மல் இயற்கை என்று குழு முடிவு செய்தது. எங்களில் ஒருவர் மூச்சுவிடாமல் பேசி முதல் ஒன்பது நிமிடத்திலேயே தன் பங்கைத் தீர்த்துவிட்டு, மீதி முப்பத்தாறு நிமிடமும் கையையும் காலையும் ஆட்டியே பாடம் நடத்தினார். அவர் பாடத்தின் தலைப்பு 'விமான நிலையத்தில்'. மாணவர்கள் நீச்சல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மாணவர்கள் என்றேனே, அவர்களைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்லவேண்டும். எங்கள் கை பழகுவதற்காக நிலையம் ஒரு இலவச மாலை வகுப்பு நடத்தியது. அதன் பெயர் தொடக்கநிலை. எட்டுப் பேர். ஒரு டெய்லர் மாஸ்டர், சலவைக்கடை வைத்திருக்கும் ஒரு அக்கா, லிஃப்ட் மெக்கானிக் ஒருவர், ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற ஒருவர், இப்படி. தினமும் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் உண்டு.

அவர்கள் எதிரில் நான் முதல் பாடம் எடுத்தேன். 'கடைக்குப் போதல்' என்று தலைப்பு. பத்து நிமிடம் ஆனதும் டெய்லர் மாஸ்டர் எழுந்து கச்சிதமாக ஒரு தப்பான வாக்கியம் சொன்னார். நான் அதைப் பலகையில் எழுதினேன். எல்லோரும் நெற்றியைச் சுருக்கி யோசித்தார்கள். இருபதாவது நிமிடம் சலவைக்கடை அக்கா "ஓ!" என்றார். முப்பதாவது நிமிடம் எட்டுப் பேரும் சேர்ந்து சரியான வாக்கியத்தைக் கண்டுபிடித்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஓட்டலில் பன்னிரண்டு வருடத்தில் ஒரு ஆள்கூட என் எதிரில் எதையும் கண்டுபிடித்ததில்லை.

பாடம் முடிந்ததும் மாஸ்டர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டே அருகில் வந்தார்.

"நல்லா பண்ணீங்க டீச்சர். ஆனா நான் தப்பு சொன்னதும் நீங்க உடனே எழுதிட்டீங்க. கொஞ்சம் காத்திருந்து, 'வேற யாராவது?'ன்னு கேட்டுட்டு எழுதுங்க. அதுக்கு ரெண்டு மார்க் இருக்கு."

"மாஸ்டர், அந்தத் தப்பு...?"

"அது என்னோடது. ஏழு வருஷமா நான்தான் சொல்றேன். 'ஓ' சலவைக்கடை அக்காவோடது. நடுவுல ஒரு வருஷம் லிஃப்ட் தம்பிகிட்ட குடுத்துப் பார்த்தோம், அவனுக்கு ஆச்சரியம் முகத்துல வரலை."

ஏழு வருடமாக ஒரே வகுப்பா என்றேன்.

"பின்னே? நாங்க பாஸ் பண்ணிப் போயிட்டா, அடுத்த பேட்ச் டீச்சருங்க யாருக்குப் பாடம் எடுப்பாங்க? 'நீங்க இன்னும் தயாராகலை'ன்னு நிலையத்து இயக்குநர் ஐயா ஒவ்வொரு வருஷமும் சொல்லிடுவாரு. இதுவரைக்கும் முன்னூறு டீச்சருங்களை உருவாக்கியிருக்கோம்." சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"அது சரி மாஸ்டர், நீங்க எதுக்கு இங்கிலீஷ் கத்துக்க வந்தீங்க?"

அவர் கையிலிருந்த நனைந்த பிஸ்கட் ஒடிந்து தேநீருக்குள் விழுந்தது. அதைக்கூடப் பார்க்காமல் நின்றார்.

"ஏழு வருஷத்துல இதை யாருமே கேக்கலையே டீச்சர்" என்றார்.

கேட்கவில்லை என்று சொல்லமுடியாது. 'கற்பவர் தேவை அறியும் படிவம்' என்று எட்டுப் பக்கத்தில் ஒன்று இருந்தது. ஒவ்வொரு பேட்ச்சிலும் அதை நிரப்பியே ஆகவேண்டும். நாங்கள் பதினான்கு பேரும் அதை ஒரு அறையில் உட்கார்ந்து, கற்பவருக்கு என்ன தேவையாக இருக்கும் என்று ஆழ்ந்து சிந்தித்து நிரப்பினோம். டெய்லர் மாஸ்டரின் தேவை 'விமானப் பயணம்' என்று நான்தான் எழுதியிருந்தேன்.

அவருக்கு வேண்டியிருந்தது வேறு. இயக்குநர் தன் கோட்டுகளையெல்லாம் மாஸ்டரிடம்தான் தைக்கக் கொடுப்பார். வருடத்துக்கு ஒரு கோட்டு. அளவெடுக்கும்போது வயிற்றை முதுகெலும்பு வரை உள்ளே இழுத்துக்கொள்வார். மாஸ்டர் அந்த அளவுக்குத் தைப்பார். போடும்போது வயிறு தன் இடத்துக்குத் திரும்பி வந்துவிடும். பொத்தான் தெறிக்கும். இயக்குநர் மாஸ்டரை அறைக்குக் கூப்பிட்டு, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி ஆங்கிலத்தில் வறுத்தெடுப்பார். மாஸ்டர் தமிழில் வாயைத் திறந்தால் சுவரில் இருக்கும் பலகையைக் காட்டுவார்: 'மாணவர்கள் இங்கே ஆங்கிலம் மட்டுமே பேசவேண்டும்.' மாஸ்டருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அந்த நேரத்துக்கு உதவியது 'யெஸ் சார்', 'சாரி சார்' இரண்டும்தான்.

"முப்பது வருஷமா ஊசி பிடிக்கிற கை டீச்சர் இது. ஒரு தடவையாவது அவரு பாஷையிலேயே அவருக்குப் பதில் சொல்லணும். தப்பு டேப்புல இல்லைன்னு சொல்லணும். எனக்கு இங்கிலீஷ்ல சண்டை போடணும், அவ்வளவுதான்."

ஆங்கிலச் சண்டையில் பன்னிரண்டு வருட அனுபவம் உள்ளவளிடம் வந்து இதைச் சொல்கிறார். எனக்கு மனம் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து வகுப்புக்கு முன் அரைமணி நேரம், மாடிப்படிக்குக் கீழே, துடைப்பமும் வாளியும் வைக்கும் இடத்தில் அவருக்கு நேரடியாகச் சொல்லிக்கொடுத்தேன். நான் சொல்வேன், அவர் திருப்பிச் சொல்வார். தப்பாகச் சொன்னால் தப்பு என்பேன். நான் இயக்குநர் மாதிரி கத்துவேன், அவர் பதில் சொல்வார். வயிற்றை இழுக்காதீர்கள், நான் எடுத்த அளவு சரி, நேராக நில்லுங்கள், மூச்சை விடுங்கள். மூன்றே வாரத்தில் மனிதர் விளாசித் தள்ளினார். மரியாதை குறையாமல் குரலை எப்படி உயர்த்துவது என்பதையும் சேர்த்தே கற்றுக்கொடுத்தேன். ஓட்டல் தொழிலில் அது தனிப் பாடம்.

நான்காவது வாரம் வழிவிடுநரிடம் கையும் களவுமாகப் பிடிபட்டோம். வாளி எடுக்க வந்த பெண்மணிக்கு வழிவிட்டு ஒதுங்கியவர் எங்களைப் பார்த்துவிட்டார். என்னை மட்டும் அறைக்குக் கூப்பிட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. துக்கம் இருந்தது.

"நீங்க சொல்லிக்குடுத்திருக்கீங்க."

"ஆமா சார்."

"அவரும் கத்துக்கிட்டாரு."

"ஆமா சார்."

"இதுல கண்டுபிடிப்பு எங்கம்மா இருக்கு? ஏழு வருஷமா எவ்வளவு அழகா அந்த விளிம்புல நின்னுட்டிருந்தாரு! கத்துக்கப்போறாரு, இதோ கத்துக்கப்போறாருன்னு ஒவ்வொரு பேட்ச்சும் ஆவலா பார்த்துட்டிருந்தோம். நீங்க ஒரே மாசத்துல அந்தப் பயணத்தை முடிச்சு வெச்சுட்டீங்க. அவர் இனிமே என்ன செய்வாரு?"

"சண்டை போடுவாரு சார்" என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டேன். என் கோப்பில் பச்சை மையில் பதிவானது: 'சொல்லிக்கொடுத்தல்: ஒருமுறை.' இன்னொரு முறை நடந்தால் சான்றிதழ் கிடையாது. மாஸ்டர் பேசவேண்டியதை நான் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தேன் என்பது சான்றிதழுக்காக எடுக்கும் இறுதிப் பாடத்தில் தெரியவந்தாலும் இன்னொரு முறையாகவே கொள்ளப்படும் என்றார். பள்ளி திறக்க இன்னும் எட்டு நாள்தான் இருந்தது.

இறுதிப் பாடத்துக்குச் சீட்டு எடுத்தோம். எனக்கு வந்தது: 'வாங்கிய பொருளில் குறை இருந்தால் பேசுவது எப்படி?' சீட்டைப் பார்த்ததும் மாடிப்படிக்கு ஓடினேன்.

"மாஸ்டர், உங்க கால்ல வேணா விழறேன். நாளைக்கு மட்டும் நான் சொல்லிக்குடுத்த எதையும் பேசிடாதீங்க. வெளியிலேர்ந்து மதிப்பீட்டாளர் வர்றாங்க. நீங்க பேசினா என் வேலை போயிடும்."

மாஸ்டர் சிரித்தார். "ஐயையோ, என்ன டீச்சர் இது! நீங்க நிம்மதியா போய்த் தூங்குங்க. பத்தாவது நிமிஷம் என் தப்பு, இருபதாவது நிமிஷம் அக்காவோட 'ஓ'. எங்களால இதுவரைக்கும் ஒரு டீச்சர்கூட ஃபெயில் ஆனதில்லை. உங்களுக்காக நான் இன்னும் நல்லாவே தப்பா பேசறேன்."

அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு நிம்மதி வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. ஒரு மனிதனுக்குப் பேசக் கற்றுக்கொடுத்துவிட்டு, என் பிழைப்புக்காக அவன் வாயை நானே பொத்துகிறேன்.

மறுநாள் வெளி மதிப்பீட்டாளர் வந்தார். குட்டையான அம்மாள், கழுத்தில் கடிகாரம் தொங்கியது. இயக்குநர் புதுக் கோட்டில் வந்தார். முந்தின வாரம்தான் மாஸ்டர் தைத்துக் கொடுத்தது, அவசரத்தில் போட்டுப் பார்க்காமலே வாங்கிக்கொண்டுபோனது. மூச்சை எண்ணி எண்ணி விட்டுக்கொண்டிருந்தார். முதலில் ஒரு சிறு உரை நிகழ்த்தினார். மாணவர்களிடம் ஆங்கிலம்தான் என்றாலும், முக்கியமான விஷயங்களைப் புரியவேண்டும் என்பதற்காகத் தமிழிலேயே பேசுவது அவர் வழக்கம்.

"இங்கே மையத்தில் இருப்பவர் கற்பவர். நாங்கள் ஓரத்தில் நிற்பவர்கள். எங்கள் முடிவுகள் அனைத்தையும் கற்பவர்களே எடுக்கிறார்கள். எடுத்த முடிவை நான் அவர்களுக்குத் தெரிவிக்கிறேன்" என்றார். பிறகு பூரித்துப்போய், "இன்று நானும் ஒரு மாணவனாக இவர்களோடு அமர்வேன்" என்று சொல்லி, லாடத்தின் நட்டநடு நாற்காலியில் இருந்த ஸ்ட்ரெச்சர் அண்ணனை எழுப்பிவிட்டு அதில் உட்கார்ந்தார்.

பாடம் ஆரம்பித்தது. நான் மூன்றே வாக்கியம் பேசி, இருவர் இருவராகப் பேசச் சொன்னேன். இயக்குநருக்கு ஜோடியாக மாஸ்டர் வந்து அமைந்தார். பத்தாவது நிமிடத்தில் மாஸ்டர் சொன்ன சொல் தவறாமல் எழுந்து தப்பான வாக்கியத்தைச் சொன்னார். நான் அவருடைய யோசனைப்படியே காத்திருந்து, "வேற யாராவது?" என்று கேட்டேன். மதிப்பீட்டாளர் இரண்டு மார்க் போடுவது தெரிந்தது.

இயக்குநர் நானிருக்கிறேன் என்று கையைத் தூக்கினார். கோட்டு அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. நடுப்பொத்தான் தெறித்து, வெண்பலகையில் பட்டு, சார்ட்டுக்காரியின் கோந்து டப்பாவுக்குள் விழுந்தது.

அறையில் யாரும் மூச்சுவிடவில்லை. இயக்குநர் மட்டும் விட்டார். இரண்டாவது பொத்தானும் போயிற்று. அவர் முகம் சிவந்து, மாஸ்டரைக் காட்டி, மதிப்பீட்டாளருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். இதோ இந்த ஆள்தான் தைத்தது, அளவெடுக்கத் தெரியாது, ஒவ்வொரு வருடமும் இதே கதை, ஆங்கிலத்தில் மட்டுமல்ல தையலிலும் இவர் தொடக்கநிலைதான் என்று சொல்லி, தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

மாஸ்டரின் காது மடல் சிவந்தது. அவர் இயக்குநரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். உதடு திறந்து மூடியது. எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு, தலையைக் குனிந்து, "சாரி..." என்று ஆரம்பித்தார்.

எனக்குப் பள்ளி ஞாபகம் வந்தது, இடத்தைப் பிடித்து வைத்திருக்கும் தலைமையாசிரியை ஞாபகம் வந்தார். எல்லாம் வந்துவிட்டு, வந்த வழியே போயின.

"மாஸ்டர், பேசுங்க" என்றேன். இரண்டு வார்த்தை. கடிகாரம் அழுத்தப்பட்டு நின்றது.

மாஸ்டர் நிமிர்ந்தார். கழுத்தில் இருந்த அளவு டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். நான் சொல்லிக்கொடுத்த அதே நிதானத்தில், "சார், த டேப் இஸ் கரெக்ட்" என்றார். மாஸ்டர் நிறுத்தவில்லை. போன வருடத்துக் கோட்டு, அதற்கு முந்தின வருடத்துக் கோட்டு, எந்த மாதம், எத்தனை அங்குலம், எல்லாம் ஆங்கிலத்தில் வந்தது. அங்கங்கே சறுக்கியது, அவரே தூக்கி நிறுத்திக்கொண்டார். இயக்குநர் சமாளித்துக்கொண்டு பதிலுக்குக் கத்த, மாஸ்டர் மரியாதை குறையாமல் அவரைவிட ஒரு படி மேலே போனார். சலவைக்கடை அக்கா எழுந்து, தான் எத்தனை முறை அந்தக் கோட்டுகளைத் தேய்த்திருக்கிறேன், வயிற்றுப் பக்கம் மட்டும் எப்படி இழுத்துக்கொண்டு நிற்கும் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சாட்சி சொன்னார். லிஃப்ட் மெக்கானிக்கும் எடை தாங்கும் அளவுகளைப் பற்றி ஏதோ சொன்னார்.

கடைசியில் மாஸ்டர் சொன்ன வாக்கியம் நான் சொல்லிக்கொடுத்தது இல்லை.

"சார், யுவர் ஸ்டமக் கேம் டு த ஃபங்ஷன். பட் இட் டிட் நாட் கம் டு மை ஷாப்."

விழாவுக்கு வந்த வயிறு கடைக்கு வரவில்லை. அதை அவராகவே கண்டுபிடித்திருந்தார். சலவைக்கடை அக்கா "ஓ!" என்றார். ஏழு வருடத்தில் முதல்முறையாக அது தானாக வந்தது.

மணி அடித்தது. இயக்குநர் கோட்டை இரு கையாலும் பிடித்துக்கொண்டு மதிப்பீட்டாளரிடம் ஓடினார்.

"மேடம், இதை நீங்க கணக்குல எடுத்துக்கக்கூடாது. யாரோ இவருக்குச் சொல்லிக்குடுத்திருக்காங்க. இவருக்கு இங்கிலீஷ் வர வாய்ப்பே இல்லை. ஏழு வருஷமா எங்ககிட்டதான் படிக்கிறாரு, நான் கேரண்டி தர்றேன்!"

"ஏழு வருஷமாவா?" என்றார் அந்த அம்மாள்.

"ஆமா மேடம். இந்த எட்டுப் பேர்ல ஒருத்தரைக்கூட நாங்க கைவிட்டதில்லை. சேர்ந்த அன்னைக்கு எந்த வகுப்புல இருந்தாங்களோ, இன்னைக்கும் அதே வகுப்புல இருக்காங்க. வேற எந்த நிலையத்துல இப்படி ஒரு தொடர்ச்சியைப் பார்த்திருக்கீங்க?"

அந்த அம்மாள் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினார்.

"யார் சொல்லிக்குடுத்தாங்கங்கறது என் படிவத்துல இல்லை. எனக்கு நிமிஷம்தான். ஆசிரியை பேசினது ஒரு நிமிஷம் ஐம்பது விநாடி. மாணவர்கள் பேசினது முப்பத்தொன்பது நிமிஷம், தயாரிக்காத சொந்தப் பேச்சு. நாலு நிமிஷம் மௌனம், அதுவும் பொத்தான் விழுந்தப்போ. இருபது வருஷமா மதிப்பிடறேன், இப்படி ஒரு எண்ணை நான் பார்த்ததே இல்லை."

வழிவிடுநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னிடம் வந்து, "கடைசி நோட்டை மட்டும் எழுதிக் குடுத்துடுங்கம்மா. ஒரு குறையாவது இருக்கணும்" என்றார்.

நான் யோசித்துப் பார்த்து எழுதினேன்: 'குறை: மாணவர் கற்றுக்கொண்டுவிட்டார். வருங்காலத்தில் இதைத் தவிர்க்க முயல்வேன்.' இரண்டு நாளில் நோட்டு திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மையில், 'ஆழமான சுயசிந்தனை. முதிர்ச்சி தெரிகிறது' என்று இருந்தது. சான்றிதழில் முதல் தரம் போட்டிருந்தார்கள்.

எட்டுப் பேரும் மறுவாரம் இரண்டாம் நிலை வகுப்பு எங்கே என்று கேட்டுப் போயிருக்கிறார்கள். அப்படி ஒரு வகுப்பே கிடையாது, அறையும் இல்லை, புத்தகமும் இல்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அலுவலகத்துக்கே அப்போதுதான் தெரிந்ததாம். எட்டுப் பேரும் தேநீரைக் குடித்து முடித்துவிட்டுக் கலைந்துவிட்டார்கள்.

நான் பள்ளியில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. முதல் நாள் எல்லாப் பெண்களிடமும், நீ எதற்காக ஆங்கிலம் கற்றுக்கொள்ளவேண்டும் என்று கேட்டேன். நாற்பது பேரில் பதினொரு பேருக்கு யாரோடாவது சண்டை போடவேண்டியிருந்தது. எனக்கு நல்ல வேலை.

போன வாரம் மாஸ்டர் போன் செய்தார். குரலில் உற்சாகம் வழிந்தது.

"டீச்சர், இயக்குநர் ஐயா கடைக்கே வந்தாரு. 'மூச்சை விடுங்க சார்'னு இங்கிலீஷ்ல சொன்னேன். விட்டாரு! நாலு அங்குலம் டீச்சர்! கோட்டு கச்சிதமா உட்கார்ந்துடுச்சு. கண்ணாடியில திரும்பித் திரும்பிப் பார்த்துட்டு, 'தேங்க் யூ'ன்னு சொன்னாரு. அப்புறம் இன்னொரு விஷயம். நிலையத்து வாசல்ல ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. இங்கிலீஷ்லதான் இருக்கு. நானே படிச்சேன்."

"என்ன போட்டிருக்கு?"

"'தொடக்கநிலை மாணவர்கள் தேவை. முன் அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை.' என்ன டீச்சர், ஒரு விண்ணப்பம் போட்டு வைக்கட்டுமா?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க மாஸ்டர்?" என்றேன்.

மறுமுனையில் தையல் இயந்திரம் ஒரு நொடி நின்றது. பிறகு அவர் சிரித்த சிரிப்பில் எனக்குப் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்கவேண்டியிருந்தது.

"நோ, தேங்க் யூ" என்றார்.